ஞானஸ்நானப் பெயர் வைப்பது எப்படி: முதல் குழந்தைக்குப் பெயர் தேடும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு

எங்கள் ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் நின்று "அந்தோணி" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு திசையிலிருந்தும் ஆள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஆதார் அட்டையில் வேறு பெயர். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இது சாதாரணம். ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர், பள்ளிக்கூடத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இன்னொரு பெயர்.

மூன்று பெயர் இருப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. கோயிலில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடும், அரசாங்கத்தின் பிறப்புப் பதிவேடும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகின்றன என்று காட்ட முடியாமல் போகும்போதுதான் சிக்கல். கல்யாண ஓலை (கல்யாணத்துக்கு முன் கோயிலில் வாசிக்கும் அறிவிப்பு) எழுதப் போகும்போதோ விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதோதான் அது வெளியே வரும். குழந்தை தொட்டிலில் கிடக்கும்போதே கொஞ்சம் யோசித்தால் அந்த அலைச்சல் மிச்சம். முதல் குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்களுக்கும், கல்யாணம் வழியாகவோ சொந்த விருப்பத்தாலோ புதிதாகத் திருச்சபைக்குள் வருகிறவர்களுக்கும் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. புனிதர் பெயர் கட்டாயமா என்று தெரிந்துகொள்ளுங்கள்

"புனிதர் பேரு இல்லேன்னா சாமியார் தண்ணி ஊத்த மாட்டாரு" என்று வீட்டில் ஒரு பாட்டியாவது சொல்வார். அவர் சொல்வது ஒரு காலத்துக்குப் பொருந்தும். 1917இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, கிறிஸ்தவப் பெயர் வைக்கப்படுகிறதா என்று பங்குத்தந்தை, அதாவது அந்தப் பகுதிக் கோயிலின் பொறுப்பில் இருக்கும் குரு, பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. பெற்றோர் பிடிவாதமாக வேறு பெயர் சொன்னால், அதோடு ஒரு புனிதர் பெயரையும் சேர்த்து இரண்டையும் ஏட்டில் எழுதிவிட வேண்டும். நம் தாத்தா தலைமுறையில் வீட்டுக்குத் தெரியாத ஒரு பெயர் கோயில் ஏட்டில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது நடப்பில் இருப்பது 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு. அதன் 855ஆம் சட்டம், கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் வேண்டாம் என்பதோடு நின்றுவிடுகிறது. அதைக் கவனிக்கும் பொறுப்பு பெற்றோர், ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்காகப் பொறுப்பேற்று நிற்கிறவர்கள்), பங்குத்தந்தை எல்லாருக்கும் உண்டு. ஆக, இனியன், கயல்விழி, அருள்மொழி என்று வைப்பதற்குத் தடையே இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் ஞானஸ்நானப் பெயர் ஒரு புனிதரின் பெயராகவோ, ஒரு மறையுண்மையையோ நற்பண்பையோ குறிப்பதாகவோ இருக்கலாம் என்கிறது. விசுவாசம், சமாதானம், ஆசீர்வாதம் என்றெல்லாம் நம் ஊரில் பெயர் வைத்தவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

இருந்தாலும் பல பங்குகளில் புனிதர் பெயர் ஒன்றைக் கேட்கத்தான் செய்வார்கள். அதற்காகப் பங்குத்தந்தையிடம் சட்டப் பிரிவு எண் சொல்லி வாதாட வேண்டாம். ஒரு பாதுகாவலர் இருப்பது நல்லதுதான். பிறந்தநாளோடு நாமத் திருநாளும், அதாவது அந்தப் புனிதரின் திருநாளும், சேர்ந்துகொள்ளும், குழந்தைக்கு வருடத்தில் இரண்டு கேக்.

2. பாதுகாவலரைத் தேடுங்கள்

இதற்கு நம் மக்கள் போகிற வழி மூன்று.

முதல் வழி நாள்காட்டி. குழந்தை பிறந்த நாளிலோ அதை ஒட்டியோ யாருடைய திருநாள் வருகிறது என்று பார்ப்பது. ஜனவரி 20 செபஸ்தியார், பிப்ரவரி 11 லூர்து மாதா, மார்ச் 19 சூசையப்பர், ஜூன் 24 ஸ்நாபக அருளப்பர், ஜூன் 29 இராயப்பர் சின்னப்பர், ஜூலை 3 தோமையார், ஜூலை 25 சந்தியாகப்பர், ஜூலை 26 அன்னம்மாள், ஜூலை 31 இஞ்ஞாசியார், செப்டம்பர் 29 மிக்கேல் அதிதூதர், டிசம்பர் 3 சவேரியார். அந்தோணியார் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஜூன் 13இல் வருகிறவர் பதுவை அந்தோணியார். ஜனவரி 17இல் வருகிறவர் வனத்து அந்தோணியார். இருவரும் வேறுவேறு ஆள், இடையில் பல நூற்றாண்டு இடைவெளி. வீட்டுக்கு எந்த அந்தோணியார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் நாமத் திருநாளைத் தப்பான மாதத்தில் கொண்டாட வேண்டியிருக்காது.

இரண்டாவது வழி நேர்த்தி. குழந்தை வேண்டி எந்தக் கோயிலில் மெழுகுதிரி ஏற்றினார்களோ அந்தக் கோயிலின் பெயர். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவிடம் வேண்டிக்கொண்டவர்கள் வீட்டில் ஆரோக்கியசாமி, ஆரோக்கிய மேரி, ஆரோக்கியதாஸ். சதா சகாய மாதா நவநாளுக்குப் போகிறவர்கள் வீட்டில் சகாயராஜ், சகாய மேரி. ஏலாக்குறிச்சியை நம்பினவர்களுக்கு அடைக்கலம், அடைக்கலராஜ். தூத்துக்குடிப் பக்கம் பனிமய மாதாவின் பெயர். உவரிக்கும் புளியம்பட்டிக்கும் நேர்ந்துகொண்டவர்கள் வீட்டில் சொல்லவே வேண்டாம், அந்தோணி இல்லாமல் இருக்காது. ஓரியூர்ப் பக்கத்தில் அருளானந்து என்று இருந்தால், அது 1693இல் அங்கே தலை வெட்டப்பட்ட ஜான் டி பிரிட்டோவின் தமிழ்ப் பெயர்.

மூன்றாவது வழி குடும்பம். தாத்தா பெயர், பாட்டி பெயர். அதைத் தனியாகப் பார்ப்போம்.

எந்த வழியில் போனாலும் அடுத்து ஒரு முடிவு எடுக்க வேண்டும். புனிதரின் பெயரை எந்த வடிவத்தில் வைப்பது? இங்கேதான் நம்மிடம் அள்ள அள்ளக் குறையாத சொத்து இருக்கிறது. பேதுருவுக்கு இராயப்பன், பவுலுக்குச் சின்னப்பன், யோவானுக்கு அருளப்பன், ஸ்தேவானுக்கு முடியப்பன், யோசேப்புக்குச் சூசை, யாக்கோபுக்குச் சந்தியாகு, இக்னேஷியஸுக்கு இஞ்ஞாசி அல்லது இன்னாசி, சேவியருக்குச் சவரி, அலோசியஸுக்கு ஞானப்பிரகாசம். சூசையும் சந்தியாகும் போர்ச்சுகீசியரின் வாய்வழி வந்தவை. இராயப்பனும் சின்னப்பனும் முடியப்பனும் மூலப் பெயரின் பொருளைப் பார்த்துத் தமிழாக்கியவை. இந்த வேலையில் கெட்டிக்காரர் வீரமாமுனிவர். கான்ஸ்டன்டைன் என்ற தன் பெயரையே தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டவர் அவர். தேம்பாவணியில் சூசையப்பருக்கு அவர் வைத்த பெயர் வளன். இன்று வளனரசு, வளன் என்று குழந்தைகளுக்கு வைக்கிறவர்கள் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள்.

இந்தப் பெயர்களோடு ஒரு வால் சேர்ப்பது பழைய வழக்கம். ஆணுக்குச் சாமி, முத்து, நாதன், தாஸ், ராஜ். பெண்ணுக்கு அம்மாள், மேரி, செல்வி. அந்தோணிசாமி, சவரிமுத்து, இன்னாசிமுத்து, சூசையம்மாள், லூர்து மேரி எல்லாம் இந்த அச்சில் வார்த்தவை. பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் குடும்பத்தைப் பாருங்கள். 1826இல் பிறந்த அவருடைய முழுப் பெயர் சாமுவேல் வேதநாயகம் பிள்ளை, அப்பா சவரிமுத்துப் பிள்ளை, அம்மா ஆரோக்கிய மரியம்மாள். ஒரே வீட்டில் பைபிள் பெயரும் புனிதர் பெயரும் வேளாங்கண்ணியும் இருக்கின்றன.

1995இல் பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் வந்தபின் வாசகங்களில் பேதுரு, பவுல், யோவான் என்றே கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இராயப்பன் என்றால் யார் என்று தெரியாது. "சின்னப்பன்னு வெச்சா பையன் ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்க" என்று இளம் அம்மாக்கள் பயப்படுவதும் புரிகிறது. ஆனால் முடியப்பனையும் சந்தியாகுவையும் இன்னும் ஒரு தலைமுறை விட்டுவிட்டால் அவை கல்லறைச் சிலுவைகளில் மட்டும்தான் இருக்கும். முழுப் பெயராக வைக்க மனம் வராவிட்டால் நடுப்பெயராகவாவது வையுங்கள் என்பது என் கட்சி.

3. தாத்தா பெயரா? வீட்டாரோடு முதலிலேயே பேசிவிடுங்கள்

தலைப்பிள்ளைக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்ததற்கு அம்மாவழி என்ற வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப விவகாரம். அதனால் வருகிற ஒரு சங்கடத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது, கணவன் பெயரை மனைவி சொல்லக்கூடாது என்று வளர்ந்த பெண்கள் வீட்டில் இருந்தால், மிக்கேல் என்று பெயர் வைத்த குழந்தையை ஒருவரும் மிக்கேல் என்று கூப்பிட மாட்டார்கள். பாட்டி "பெரியவரே" என்பார், அம்மா "ராசா" என்பார், அப்படியே ஒரு வீட்டுப் பெயர் முளைத்துவிடும். வீட்டுப் பெயர் எத்தனை வேண்டுமானாலும் முளைக்கட்டும். அது தடுப்பூசி அட்டையிலும் எல்.கே.ஜி. விண்ணப்பத்திலும் ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். எல்.கே.ஜி.யில் ஏறினது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை வந்து நிற்கும்.

4. முழுப் பெயரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்

பெயர் முடிவானதும் தமிழிலும் ஆங்கிலத்திலும் முழுதாக எழுதுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், பின்னால் அலைகிறவர்களும் அவர்கள்தான்.

ஆரோக்கியம் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'கே' எழுத்துக்கு முன்னால் 'சி' வருமா வராதா? சாமி என்பதில் 'டபிள்யூ' உண்டா? லூர்து என்பதில் 'டி'க்குப் பின் 'எச்' போடுவீர்களா? அண்ணனுக்கு ஒரு மாதிரியும் தம்பிக்கு வேறு மாதிரியும் எழுதி, இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று நிரூபிக்கப் படாதபாடு பட்ட குடும்பங்கள் உண்டு. அப்பாவின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதையே குடும்ப எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இனிஷியல். குழந்தையின் அப்பாவுக்குக் கோயில் ஏட்டில் அந்தோணி ராஜ், அரசு ஆவணத்தில் வெறும் ராஜ் என்று வைத்துக்கொள்வோம். பங்கு அலுவலகத்தில் குழந்தைக்கு 'அ.' என்று இனிஷியல் போடுவார்கள், பள்ளிக்கூடத்தில் 'ரா.' போடுவார்கள். குழந்தைக்கு நீங்கள் எவ்வளவு பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்தாலும் அப்பாவின் இரட்டைப் பெயர் இப்படி உள்ளே புகுந்துவிடும். அதனால் ஞானஸ்நான ஏட்டில் பெற்றோர் பெயரை ஆதாரில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். கோயில் பெயர் வேறாக இருந்தால் 'ராஜ் என்கிற அந்தோணி ராஜ்' என்று எழுதலாம். பத்திரப் பதிவில் புழங்கும் அந்த 'என்கிற' கோயில் ஏட்டிலும் நன்றாக வேலை செய்யும்.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் கிடையாது. விரித்துத்தான் எழுத வேண்டும். கடற்கரைப் பக்கம் பர்னாந்து, பெரைரா, மச்சாது, வாஸ், கோமஸ் என்று 1530களில் தொடங்கிய போர்ச்சுகீசிய ஞானஸ்நானங்களின் வழியே குடும்பப் பெயர் வந்தவர்களுக்குக் கவலையில்லை, குடும்பப் பெயர்க் கட்டத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்களுக்கு அப்பா பெயர்தான் அந்தக் கட்டத்துக்குள் போகும். அதைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுப்பது இப்போது புத்திசாலித்தனம் இல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க மாட்டோம் என்றது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் பரவாயில்லை என்று பிறகு தளர்த்தினார்கள். ஒற்றைப் பெயர்க்காரர்களின் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகி வரும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது.

5. பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏற்ற அவசரப்படாதீர்கள், மறந்தும் விடாதீர்கள்

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். பெயர் இல்லாமலும் பிறப்பைப் பதியலாம். பதிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணமில்லை. அதற்குப் பின்னும் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஒருமுறை ஏறிவிட்டால் எழுத்துப்பிழையைத் திருத்தலாமே தவிர, பெயரையே மாற்றுவது பெரும்பாடு.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், பெயர் என்ன என்று நர்ஸ் கேட்டதும் வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்போது அமைதியாக, "பேரு பின்னாடி சேர்த்துக்கிறோம் சிஸ்டர்" என்று சொல்லிவிடுங்கள். ஞானஸ்நானப் பெயர் உறுதியானதும் இரண்டு ஏட்டிலும் ஒரே பெயர் ஏறும்படி செய்துகொள்ளலாம்.

முன்பெல்லாம் பிறப்புச் சான்றிதழ் இல்லாத இடத்தில் ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டிச் சமாளித்தார்கள். 2023இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். கோயில் சான்றிதழ் இனி கோயில் காரியங்களுக்கு மட்டும்தான்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பாதிப் பேருக்குப் பயன்படாது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்துக்களுக்கும், 1956க்குப் பின் சீக்கியர்களுக்கும், 1990க்குப் பின் பௌத்தர்களுக்கும் மட்டுமே பட்டியல் சாதி உரிமை உண்டு, கிறிஸ்தவர்களுக்கு இல்லை. அதனால் பல தலித் குடும்பங்களில் கோயிலில் ஒரு பெயரும் சான்றிதழில் இன்னொரு பெயருமாக வாழ்கிறார்கள். சட்டம் பார்ப்பது மதத்தை, பெயரை இல்லை. ஆனால் தாலுகா அலுவலக மேசையில் முதலில் கண்ணில் படுவது பெயர்தான். சட்டம் போட்ட முடிச்சு அது. அந்தக் குடும்பங்களைப் பார்த்து "ஏன் ரெண்டு பேரு?" என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்கலாம்.

6. பங்கு அலுவலகத்துக்குப் போங்கள்

பிறந்த சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறது திருச்சபைச் சட்டம். அதற்கு முன்பே பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள். பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் ஒரு தயாரிப்பு வகுப்பு இருக்கும். பெற்றோரின் திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகல், ஞானப்பெற்றோர் வேறு பங்கைச் சேர்ந்தவர்களாக இருந்தால் அங்கிருந்து ஒரு கடிதம் எல்லாம் கேட்பார்கள்.

ஞானத்தகப்பன், ஞானத்தாய் இருவரும் இருக்கலாம், ஒருவர் மட்டும் இருந்தாலும் போதும். பதினாறு வயது முடிந்து, உறுதிபூசுதல் (ஞானஸ்நானத்துக்குப் பின் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் அருட்சாதனம்) பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். குழந்தையின் அப்பா அம்மாவே ஞானப்பெற்றோராக இருக்க முடியாது. சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த தாய்மாமனைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால், ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோரோடு சேர்ந்து அவர் சாட்சியாக நிற்கலாம். அதற்கு இடமுண்டு, தயங்காமல் கேளுங்கள்.

நாலாம் படியில் எழுதிய தாளை இங்கே கொடுங்கள். வாயால் சொல்ல வேண்டாம். உபதேசியாரோ (பங்கில் மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர்) அலுவலகத்தில் உதவும் பிள்ளையோ காதில் விழுந்தபடி எழுதிவிடுவார்கள். ஜெசிந்தா ஜெசிந்தாளாகவும், ஜெனோவா ஜெனோபாவாகவும் ஆவது அப்படித்தான். பதிவேட்டில் குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், ஞானஸ்நானம் கொடுத்த குரு, கொடுத்த இடமும் தேதியும், பிறந்த இடமும் தேதியும் எழுதப்பட வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும். உறுதிபூசுதலும் திருமணமும் பின்னால் அந்த இடத்தில்தான் குறிக்கப்படும். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்துப் படியுங்கள். வெளியே போட்டோக்காரர் அவசரப்படுத்துவார், காத்திருக்கட்டும்.

வேளாங்கண்ணியிலோ வேறு திருத்தலத்திலோ ஞானஸ்நானம் கொடுக்க நேர்ந்திருந்தால் சொந்தப் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஞானஸ்நானம் எந்தக் கோயிலில் நடந்ததோ அந்த ஏட்டில்தான் பெயர் இருக்கும். பிள்ளைக்குக் கல்யாணம் வரும்போது புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு அங்கேதான் போக வேண்டும். எந்த ஊர், எந்தக் கோயில், எந்தத் தேதி என்று குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

7. அந்த நாளில்

சடங்கின் தொடக்கத்திலேயே குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று குரு கேட்பார். பதிலை அப்பாவோ அம்மாவோ தெளிவாகச் சொல்லட்டும். பின்னால் நிற்கும் அத்தை ஒரு பெயர், சித்தி ஒரு பெயர் என்று குரல் கொடுப்பதைத் தவிர்க்கலாம். தண்ணீர் ஊற்றும்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஊற்றுவார். குழந்தை ஆபத்தான நிலையில் இருந்து மருத்துவமனையிலேயே யாராவது அவசர ஞானஸ்நானம் கொடுத்திருந்தால், மறுபடி தண்ணீர் ஊற்ற மாட்டார்கள், விடுபட்ட சடங்குகளை மட்டும் கோயிலில் செய்வார்கள். அந்தக் குழந்தையின் பெயரை ஏட்டில் ஏற்ற மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. கேட்டு ஏற்றிவிடுங்கள்.

8. பெரியவர்களாகி ஞானஸ்நானம் பெறுகிறவர்கள்

இருக்கிற பெயரை விட்டுவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செல்வி செல்வியாகவே இருக்கலாம். புதிய பெயர் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டால் அதற்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது லாசரு என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அதன் தமிழ் வடிவம்தான் தேவசகாயம். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட அவரைத் தேவசகாயம் என்றுதான் உலகம் அறிகிறது. சீர்திருத்தச் சபையில் 1858இல் ஞானஸ்நானம் பெற்ற, இரட்சணிய யாத்திரிகம் எழுதிய கவிஞர் கிருஷ்ணபிள்ளையோ பழைய பெயரை விடவில்லை. ஹென்றி ஆல்பிரட் என்ற புதுப் பெயரை அதற்கு முன்னால் வைத்துக்கொண்டார். எச்.ஏ. என்ற அந்த எழுத்துகளை அப்பா பெயரின் இனிஷியல் என்று நினைக்கிறவர்கள் இன்றும் உண்டு.

புதுப் பெயர் எடுத்தாலும் ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் மாற்ற வேண்டியதில்லை. ஏட்டில் 'செல்வி என்கிற மரிய செல்வி' என்று இருந்தால் போதும். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் பெறுகிற பெண்களிடம் மாப்பிள்ளை வீட்டார் ஆளுக்கொரு பெயர் சொல்லிக் குழப்புவதைப் பார்த்திருக்கிறேன். பெயர் உங்களுடையது, நீங்களே தேர்ந்தெடுங்கள்.

உறுதிபூசுதலின்போது இன்னொரு புனிதர் பெயர் எடுக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அது விருப்பம்தான், எந்தச் சான்றிதழுக்கும் கொண்டுபோக வேண்டாம். கன்னியர் மடத்தில் சேர்ந்ததும் புதுப் பெயர் எடுப்பது முன்பு பரவலாக இருந்தது. அன்னை தெரேசாவின் ஞானஸ்நானப் பெயர் ஆக்னெஸ்.

பெந்தெகோஸ்தே சபைகளில் கணக்கே வேறு. அங்கே குழந்தைக்குப் பிரதிஷ்டை ஜெபம் (குழந்தையைக் கடவுளிடம் ஒப்படைக்கும் ஜெபம்) மட்டும்தான், அப்போதே பெயரும் வைத்துவிடுவார்கள். ஞானஸ்நானம் வளர்ந்த பின் முழுக்காகக் கொடுக்கப்படுகிறது. பெயரும் ஞானஸ்நானமும் அங்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டில்லாததால், அந்தச் சபைகளிலிருந்து வருகிறவர்கள் இங்கே சொன்னதில் நாலாவது ஐந்தாவது படிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

9. பெயர் ஏற்கெனவே மாறிக் கிடந்தால்

எந்த ஏட்டில் பிழை என்று முதலில் பாருங்கள். கோயில் ஏட்டில் எழுத்துப்பிழை என்றால் பிறப்புச் சான்றிதழ் நகலோடு பங்குத்தந்தையிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். அவரே அடித்துத் திருத்த முடியாது, பெரும்பாலும் ஆயரகத்தின் (பிஷப் அலுவலகத்தின்) அனுமதி வாங்கி ஓரத்தில் குறிப்பு எழுதுவார். ஓலை வாசிக்கும் வாரத்தில் போய் நிற்காதீர்கள், சில மாதம் முன்பே போங்கள்.

அரசுப் பக்கம் பெயரை மாற்ற வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும். அதற்கான படிவம் எழுதுபொருள் அச்சுத்துறையில் கிடைக்கும். ஆனால் சின்ன வேறுபாட்டுக்கெல்லாம் அரசிதழ் வரை போக வேண்டியதில்லை. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று பங்குத்தந்தை தருகிற கடிதமே பல கோயில் காரியங்களுக்குப் போதும்.

பழைய ஏட்டில் தாத்தாவைத் தேடிப் போகிறவர்கள் பெயர் இல்லை என்று உடனே திரும்பிவிட வேண்டாம். பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கக்கூடும். சூசைமுத்து அங்கே யோசேப்புஸ், இராயப்பன் பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னஸ், சந்தியாகு யாக்கோபுஸ், சவரிமுத்து பிரான்சிஸ்குஸ் சவேரியுஸ். வீட்டில் எல்லாரும் அறிந்த பெயர் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லாமலும் போகலாம். அப்போது பெற்றோர் பெயரையும் ஞானப்பெற்றோர் பெயரையும் வைத்துத்தான் தேட வேண்டும். தாத்தாவின் ஞானத்தகப்பன் யார் என்று தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், ஏட்டைத் திறக்கும் முன் அவரிடம் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.